எருமைத் தாத்தா கோயிலும் இரண்டு வரைபடங்களும்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கம்போடியா – தாய்லாந்து எல்லைச் சண்டை பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமுளி, கம்பம், செங்கோட்டை, வாளையார் பக்கத்திலிருந்து. எல்லையிலேயே குடியிருப்பவர்களின் கேள்விகள் வேறு ரகமாகத்தான் இருக்கின்றன. முடிந்தவரை இந்த இதழிலேயே பதில்.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு எங்கள் பக்கத்திலிருந்துதான் ஜீப் ஏறும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடைதான். கம்போடியாவிலும் இப்படி ஒரு மலைக்கோயிலுக்குத்தான் அடிதடி என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
– ஜீப் ஓட்டுநர், குமுளி

கோயில் உட்கார்ந்திருக்கும் விதம் ஒன்றுதான். பிரே விஹியர் என்ற அந்தச் சிவன் கோயில் தாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில் இருக்கிறது. வடக்கே தாய்லாந்துப் பக்கம் மெல்லச் சரியும் மேட்டுநிலம், வண்டி நேராக ஏறிவிடும். தெற்கே கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறை. சமவெளியிலிருந்து 500 மீட்டருக்கும் மேல் உயரம். சொந்தக்காரனுக்கு ஏறுவது கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சுலபம். கம்போடியா பிற்காலத்தில் கான்கிரீட் பாதை போட்டது. அதுவும் கொண்டை ஊசியும் செங்குத்துமாக இருப்பதால், சுற்றுலா வருபவர்களை அடிவாரத்தில் இறக்கி, வேறு பிக்-அப் வண்டியிலோ பைக்கிலோதான் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

எல்லை விதியும் உங்களுக்குப் பழக்கமானதுதான்: தண்ணீர் பிரியும் முகடு. குமுளியில் முகட்டுக்கு மேற்கே விழும் மழை பெரியாற்றுக்குப் போகிறது, கிழக்கே விழுவது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்குப் போகிறது. (1895-இல் அணையும் சுரங்கமும் வந்து பெரியாற்றுத் தண்ணீரே கிழக்கே திரும்பியது. அதற்காக முகடு நகரவில்லை, எல்லையும் நகரவில்லை.) கம்போடியாவை ஆண்ட பிரான்சும் சயாமும் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) 1904 பிப்ரவரி 13-இல் ஒப்பந்தம் போட்டபோது இதையே எழுதின. ஒரு பக்கம் சென் ஆறும் மீகாங்கும், மறுபக்கம் மூன் ஆறு, நடுவில் உள்ள முகடுதான் எல்லை. வேடிக்கை என்னவென்றால் மூன் ஆறும் கடைசியில் மீகாங்கில்தான் கலக்கிறது. பிரித்த தண்ணீர் கீழே போய் ஒன்றாகிவிடுகிறது.

ஒப்பிடக்கூடாத இடமும் உண்டு. மங்கலதேவிக்கு எப்படி ஏறுவது, எத்தனை ஜீப், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதையெல்லாம் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் வருடாவருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறார்கள். தாங்ரெக்கில் அந்த மேசைக்கு இரண்டு ராணுவங்கள் வருகின்றன.

முகடுதான் எல்லை என்று எழுதியாகிவிட்டதே, அப்புறம் என்ன தகராறு? முகட்டைச் சர்வே செய்தால் தெரிந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற நில அளவையர், கம்பம்

தகராறு முழுக்க உங்கள் தொழிலில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒப்பந்தத்தில் எழுதிய சொல் ஒன்று. அதன்படி அளந்து வரைந்ததாகச் சொல்லப்படும் படம் இன்னொன்று. இரண்டும் பொருந்தவில்லை. சயாமிடம் அப்போது போதிய அளவையாளர்கள் இல்லாததால் படம் வரையும் வேலையைப் பிரெஞ்சுக்காரர்களிடமே விட்டார்கள். 1907-இல் 11 படங்கள் தயாராகி, பாரிசில் அச்சாகி, 1908-இல் சயாமுக்குப் போய்ச் சேர்ந்தன. தாங்ரெக் பகுதிப் படத்தில் எல்லைக்கோடு கோயிலுக்கு வடக்கே ஓடுகிறது. அதாவது கோயில் கம்போடியாவில். ஆனால் கோயில் இருக்கும் நுனிப்பாறையில் நின்று பார்த்தால், மழைத்தண்ணீர் பெரும்பாலும் வடக்கே தாய்லாந்துப் பக்கம்தான் சரிகிறது. முகட்டை அப்படியே பின்பற்றினால் எல்லை பாறை விளிம்போடு போக வேண்டும், கோயில் தாய்லாந்தில் விழ வேண்டும். தாய்லாந்தின் வாதம் இதுதான். ஓர் ஓடையின் போக்கைப் படத்தில் தவறான இடத்தில் வரைந்ததால் முகடும் இடம் மாறிவிட்டது என்பது அவர்கள் வைத்த விளக்கம்.

ஸ்கேலைப் பாருங்கள். அந்தப் படம் 1:2,00,000. 1 செ.மீ. என்பது தரையில் 2 கி.மீ. அரை மி.மீ. பேனாக்கோடு தரையில் 100 மீட்டர் அகலம். கோயில் வளாகம் வடக்கு தெற்காக 800 மீட்டர் நீளம், படத்தில் அது 4 மி.மீ. செய்திகளில் அடிபடும் '4.6 சதுர கி.மீ. சர்ச்சை நிலம்' படத்தில் 1.15 சதுர செ.மீ., சுண்டுவிரல் நகத்தின் அளவு. தாய்லாந்து 1:50,000 படத்தில் தன் கோட்டைக் காட்டுகிறது. அதில் அதே நிலம் 18 சதுர செ.மீ.க்கு மேல் வரும், உள்ளங்கையில் கால்வாசி.

சிறிய ஸ்கேல் படத்துக் கோட்டை நிலத்தில் இறக்கும்போது என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்ச, தீர்க்க ரேகையை வைத்துப் பொருத்தினால் கோடு ஓரிடத்தில் விழும். மலை, ஓடை, வளைவு என்று அடையாளங்களை வைத்துப் பொருத்தினால் வேறிடத்தில் விழும். 1907 படத்தில் ஓடையே தப்பான இடத்தில் இருந்தால், எதை நங்கூரமாகப் பிடிப்பது? எஃப்எம்பி என்ற புல வரைபட ஸ்கெட்ச்சில் பக்கத்துச் சர்வே எண்ணின் கல்லிலிருந்து அளந்து வந்து சரிபார்க்கலாம். அங்கே பக்கத்துக் கல்லே கிடையாது. 1909-க்குப் பிறகு பத்தாண்டுகளில் நட்டது மொத்தம் 73 எல்லைக்கற்கள். அவை சோங் சா-ஙாம் கணவாயில் தொடங்கி மேற்கே, பிறகு தெற்கே இறங்கிக் கடற்கரை வரை போகின்றன. சோங் சா-ஙாமிலிருந்து கிழக்கே, பிரே விஹியர் இருக்கும் சுமார் 195 கி.மீ. நீளத்தில் ஒரு கல்லும் நடவில்லை. முகடு தெளிவாகத் தெரிகிறதே, கல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனத்துக்குத்தான் இன்றுவரை விலை.

படம் தப்பு என்றால் சயாம் அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டாமா? நம் ஊரில் பன்னிரண்டு வருடம் சும்மா இருந்தால் அனுபவ பாத்தியம் என்று நிலமே போய்விடும். அந்தச் சட்டம்தானா இது?
– பீர்மேடு வாசகர்

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், ஆனால் அது இல்லை. அனுபவ பாத்தியத்தில் எதிராளி நிலத்தை வெளிப்படையாக ஆண்டிருக்க வேண்டும். இங்கே சர்வதேச நீதிமன்றம் பார்த்தது வேறு: படத்தைக் கையில் வாங்கி, மறுப்பு சொல்லாமல், ஏற்றுக்கொண்டவர்போல நடந்துகொண்டது.

சயாம் வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. உள்துறையைக் கவனித்த இளவரசர் தம்ரோங், படங்களுக்கு நன்றி சொல்லி, மாநில ஆளுநர்களுக்குக் கொடுக்க மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1930-இல் அவரே கோயிலுக்குப் போனார். அங்கே பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடியை ஏற்றி வைத்து, வீட்டுக்காரர்போல நின்று வரவேற்றார். தம்ரோங் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1934–35-இல் தாய்லாந்து சொந்தமாக அளந்தபோது படத்துக்கும் முகட்டுக்கும் வித்தியாசம் இருப்பது தெரிந்தது. தெரிந்த பிறகும் பழைய கோட்டையே காட்டும் படங்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1947-இல் எல்லைக் குறைகளைச் சொல்ல ஒரு சமரசக் குழு உட்கார்ந்தபோதும் இந்தக் கோயில் பேச்சை எடுக்கவில்லை.

1962 ஜூன் 15 தீர்ப்பு இந்த மௌனங்களின் மேல்தான் நிற்கிறது. கோயில் கம்போடியாவுக்கு என்று 9 நீதிபதிகள், எதிராக 3 பேர். கோயிலிலிருந்து எடுத்துப்போன பொருள்கள் ஏதும் இருந்தால் திருப்பிக் கொடு என்பதற்கு 7-க்கு 5. தாய்லாந்துப் பக்கம் வாதாடியவர்களில் சேனி பிரமோஜ் ஒருவர், அதற்கு முன்பும் பின்பும் பிரதமராக இருந்தவர். கம்போடியாவுக்கு அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன். தாய்லாந்து கோபித்துக்கொண்டாலும் ஆட்களை விலக்கிக்கொண்டது.

தீர்ப்பில் விட்டுப்போன ஒன்றுதான் அடுத்த அறுபது வருடக் கதை. கோயில் யாருடையது என்று சொன்னது, கோயிலைச் சுற்றி எதுவரை என்று கோடு கிழித்துக் காட்டவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வீட்டுக்குப் பட்டா கிடைத்தது, நான்கெல்லை எழுதவில்லை.

அது சோழர்கள் கட்டிய கோயிலா?
– வண்டிப்பெரியாறு வாசகி

இல்லை. கெமர் மன்னர்கள் கட்டியது. இப்போது நிற்பதில் பெரும்பகுதி 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் முதலாம், இரண்டாம் சூரியவர்மன் காலத்து வேலை. மூலவர் சிகரேசுவரர். கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும், இது மலையின் போக்குக்கு வடக்கு பார்த்து நீள்கிறது, வரிசையாக ஐந்து வாயில்கள். அந்த வாயில்களை அகழ்வாய்வுக்காரர்கள் 'கோபுரம்' என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். அதனால் வரும் குழப்பமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தகராறு என்றால் சுப்ரீம் கோர்ட் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுக் குத்தகை நிலத்தில் வாகன நிறுத்துமிடம் கட்டுகிறார்கள் என்ற வழக்கில்கூட, 2023-இல் இந்திய நில அளவைத் துறையை அனுப்பி அளக்கச் சொன்னார்கள். நாடுகளுக்குள் அப்படி ஒரு கோர்ட் கிடையாதா? கம்போடியா மறுபடியும் கேஸ் போட வேண்டியதுதானே?
– புளியரை வாசகர்

இருக்கிறது, ஆனால் இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் அதன் கதவு திறக்கும். நம் மாநிலங்களுக்கு அரசியல் சட்டத்தின் 131-ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு மாநிலம் வழக்குப் போட்டால் மற்றது 'நான் வரமாட்டேன்' என்று சொல்ல முடியாது. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் சொல்லலாம்.

1959 அக்டோபர் 6-இல் கம்போடியா வழக்குப் போட்டபோது, நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகத் தாய்லாந்து 1950-இல் பத்தாண்டுக்குக் கொடுத்திருந்த அறிக்கை உயிரோடு இருந்தது. 1960-இல் அது காலாவதியானது. தாய்லாந்து அதைப் புதுப்பிக்கவில்லை, இன்றுவரை. ஏழெட்டு மாதம் தாமதித்திருந்தால் கம்போடியாவுக்கு வழக்கே இல்லை.

2011-இல் போனது புது வழக்கு அல்ல. பழைய தீர்ப்புக்குப் பொருள் கேட்கும் மனு. நீதிமன்றச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் அதற்குப் புதுச் சம்மதமும் வேண்டாம், காலக்கெடுவும் இல்லை. 2013 நவம்பர் 11-இல் வந்த விளக்கம்: கோயில் நிற்கும் நுனிப்பாறை முழுவதும் கம்போடியாவுக்கு. ஆனால் மேற்கே பக்கத்திலிருக்கும் பனோம் திராப் குன்று 1962 தீர்ப்பில் அடங்கவில்லை, அது யாருக்கு என்று சொல்ல மாட்டோம். படத்துக் கோட்டை நிலத்தில் எப்படி இறக்குவது என்ற வாதத்துக்குள்ளும் போகவில்லை. ஆளுக்குப் பாதி வெற்றி என்று இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டன.

2025 ஜூனில் கம்போடியா நான்கு இடங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது: தா மோன் தொம், தா மோன் தொச், தா க்ரபே என்ற மூன்று சிறு கோயில்கள், லாவோஸ் எல்லையும் கூடும் மொம் பெய் முக்கோணம். இவை 1962 தீர்ப்பில் இல்லை. ஆகவே விளக்க மனு செல்லாது, தாய்லாந்தின் சம்மதம் வேண்டும். தாய்லாந்தின் நிலை: நாமிருவரும் பேசித் தீர்ப்போம், மூன்றாவது ஆள் வேண்டாம். சின்ன நாட்டுக்குக் கோர்ட் வசதி, பெரிய நாட்டுக்குப் பேச்சுவார்த்தை வசதி. 1.7 கோடிப் பேர் நாட்டுக்கும் 6.5 கோடிக்கு மேல் இருக்கும் நாட்டுக்கும் மேசையின் இரு பக்கமும் ஒரே எடை இருக்காது.

இவ்வளவு வருடம் கிடந்த தகராறு 2025-இல் ஏன் வெடித்தது? ஒரு போன் பேச்சால் பிரதமர் பதவியே போனது என்பது நிஜமா?
– மூணாறு வாசகர்

நிஜம். ஆனால் போன் கடைசித் திரி மட்டும்தான். அதற்கு முன்னால் இரண்டு நாட்டிலும் வீட்டுக்குள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

கம்போடியாவில் ஹுன் சென் 1985-இலிருந்து பிரதமர். எதிர்க்கட்சியான தேசிய மீட்புக் கட்சியை 2017 நவம்பரில் நீதிமன்றம் கலைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளும் மக்கள் கட்சிக்கு 125-க்கு 125. 2023 தேர்தலிலும் எதிர்நிற்கத் தகுந்த கட்சிக்குப் பதிவில் அனுமதி கிடைக்கவில்லை, 125-இல் 120. அந்த ஆகஸ்டில் மகன் ஹுன் மானெட்டுக்குப் பிரதமர் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, 2024-இல் செனட் தலைவராகத் தந்தை உட்கார்ந்தார். எதிர்க்கட்சி இல்லாத நாட்டில் புதுப் பிரதமர் பெயர் வாங்க எங்கே போவார்? எல்லைதான்.

தாய்லாந்தில் கதை தலைகீழ். அங்கே அரசு பலவீனம், ராணுவம் பலம். எல்லையில் நடப்பதைப் பிரதமர் அலுவலகம் முடிவு செய்வதைவிட அந்தந்தப் பிராந்தியப் படைத் தளபதி முடிவு செய்வது அதிகம். நிலத்தை விட்டுக்கொடுத்தார் என்ற பழிக்கு எந்த அரசும் தாங்காது. 2008-இல் கம்போடியா இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்ய ஆதரவுக் குறிப்பில் கையெழுத்திட்ட வெளியுறவு அமைச்சர் நொப்பதோன் பத்தமா, பார்லிமென்ட்டைக் கேட்காமல் செய்தார் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதும் பதவி விலகினார். பதிவு கிடைத்தது ஜூலை 7-இல், அவர் போனது அதே வாரம். அதிலிருந்து 2011 வரை விட்டுவிட்டுச் சண்டை.

இனி போன். 2025 மே 28-இல் முக்கோணப் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு கம்போடியச் சிப்பாய் இறந்தார். அடுத்து எல்லைக் கதவுகளைச் சாத்தினார்கள். ஜூன் 15-இல் பிரதமர் பேடோங்டார்ன் ஷினவத்ரா, தன் தந்தையும் முன்னாள் பிரதமருமான தக்சினின் பழைய நண்பரான ஹுன் சென்னுக்குப் போன் செய்தார். (நட்பு சாதாரணமானதல்ல. 2009-இல் நாட்டை விட்டு வெளியேறியிருந்த தக்சினைத் தன் அரசின் பொருளாதார ஆலோசகராக்கி, இரு நாட்டுத் தூதர்களும் ஊர் திரும்பும் அளவுக்கு ஹுன் சென் வம்பிழுத்தவர்.) அந்தப் பேச்சில் அவரை 'மாமா' முறை வைத்து அழைத்ததோடு, தன் நாட்டுப் படைத் தளபதியை எதிரணி ஆள்போலப் பேசிவிட்டார். மூன்று நாளில் ஒலிப்பதிவு வெளியே வந்தது. கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சி வெளியேறியது. ஜூலை 1-இல் அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்த நீதிமன்றம், ஆகஸ்ட் 29-இல் பதவியைப் பறித்தது. வெளியேறிய கட்சியின் தலைவர் அனுதின் சார்ன்விரகுல் செப்டம்பரில் பிரதமரானார்.

இடையில் ஜூலை 24 முதல் 28 வரை ஐந்து நாள் சண்டை. இரு பக்கமும் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் புத்ராஜெயாவுக்கு இருவரையும் அழைத்தார். வரி போடுவேன் என்று டிரம்ப் இன்னொரு பக்கம் மிரட்டினார். சண்டை நின்றது. அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் கூட்டறிக்கை. நவம்பரில் ஒரு கண்ணிவெடி வெடித்ததும் தாய்லாந்து அதை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் மறுபடி சண்டை, இம்முறை இன்னும் நீளம். டிசம்பர் 27-இல் புதுப் போர்நிறுத்தம்: யார் படை எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். ஜூலையிலிருந்து தாய்லாந்து பிடித்து வைத்திருந்த 18 கம்போடிய வீரர்கள் ஆண்டின் கடைசி நாளில் வீடு திரும்பினார்கள். 'எங்கே நிற்கிறதோ அங்கேயே' என்ற ஏற்பாட்டில் ஒரு சிக்கல்: முன்னேறி நிற்பவனுக்கு அது லாபம், பின்வாங்கி நிற்பவனுக்கு அது காயம்.

ராணுவம் ராணுவத்தோடுதானே சுட்டுக்கொள்ள வேண்டும்? பெட்ரோல் பங்க்கில் எப்படி ராக்கெட் விழுந்தது?
– கம்பம்மெட்டு வாசகர்

கம்போடியா பயன்படுத்தியது பிஎம்-21 என்ற பழைய சோவியத் ராக்கெட் வண்டி. லாரியின் முதுகில் 40 குழாய், ஒவ்வொன்றிலும் 122 மி.மீ. ராக்கெட், சுமார் 20 கி.மீ. பாயும். இதில் ஒரு புள்ளியைக் குறிவைக்க முடியாது, ஒரு பரப்பின் மேல் பொழியத்தான் முடியும். காற்று, குழாயின் தேய்மானம், வண்டி நிற்கும் தரையின் சாய்வு என்று எது கொஞ்சம் பிசகினாலும் விழும் இடம் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். கம்பம்மெட்டிலிருந்து 20 கி.மீ. வட்டம் போட்டால் கம்பம் ஊரே உள்ளே வந்துவிடும், எண்ணிப்பாருங்கள். தாய்லாந்திடம் எஃப்-16 விமானங்கள் இருக்கின்றன, அவற்றையும் இறக்கியது. பலம் சமமில்லை.

கம்போடியாவிலும் ஏலமலை இருக்கிறதாமே? சண்டையால் நம் ஏலக்காய் விலை ஏறுமா?
– நெடுங்கண்டம் வாசகர்

இருக்கிறது, தென்மேற்கே, கிரவாஞ் மலை. ஆனால் அங்கே விளைவது உருண்டையான, வெளிறிய வேறு இனம். வண்டன்மேட்டு ஏலத்துக்கு வரும் பச்சைக் காயோடு அதற்குப் போட்டி இல்லை. விலைக்கு மழையைப் பாருங்கள்.

கண்ணிவெடியைப் புதிதாக வைத்ததா பழையதா என்று இரு நாடும் சண்டை போடுகின்றன. அதைக் கண்டுபிடிக்க வழி இல்லையா?
– கொல்லங்கோடு வாசகர்

ஓரளவு உண்டு. முதலில் பின்னணி. 1980-களில் ஆட்சியை இழந்த கெமர் ரூஜ் படைகள் திரும்பி வராமலிருக்க, வியட்நாம் ஆதரவு அரசு இந்த எல்லை நெடுக 'கே-5' என்ற வெடிப்பட்டை போட்டது. அதற்கு முன்பே 1979 ஜூனில், தஞ்சம் தேடி வந்த 40,000-க்கும் மேற்பட்ட கம்போடியர்களை இதே பிரே விஹியர் பாறையிலிருந்து தாய்லாந்து கீழே விரட்டியது, பலர் கண்ணிவெடியில் சிக்கிச் செத்தார்கள். ஆகவே அந்த மண்ணில் பழைய வெடி இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

தாய்லாந்து குற்றம் சாட்டும் பிஎம்என்-2 ரகம் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சுமார் 100 கிராம் வெடிமருந்து. ஆளைக் கொல்வதைவிடக் காலை எடுப்பதற்கென்றே செய்தது. முப்பது நாற்பது வருடம் மண்ணில் கிடந்ததென்றால் மேலே வேர் பின்னியிருக்கும், ரப்பர் பகுதி விரிசல் விட்டிருக்கும், எழுத்து அழிந்திருக்கும், சுற்றியுள்ள மண் இறுகியிருக்கும். புதிதென்றால் குழி தோண்டிய மண் தளர்வாக, நிறம் மாறித் தெரியும். குழப்புவது மழை: சரிவில் மண் அரித்துப் பழைய வெடியைக் கீழே கொண்டுவந்து, வழக்கமாக ரோந்து போகும் தடத்திலேயே போட்டுவிடும். பழைய கிடங்கில் இருந்ததை எடுத்துப் புதிதாக வைத்தாலும் டப்பாவின் வயதை வைத்துச் சொல்ல முடியாது, குழியின் வயதைத்தான் பார்க்க வேண்டும். குழியைப் பார்க்க வெடித்த இடத்துக்கு நடுநிலை ஆள் உடனே போக வேண்டும். அதைத்தான் இருவரும் லேசில் விடுவதில்லை. தாய்லாந்து சொல்வதைக் கம்போடியா அடியோடு மறுக்கிறது. கண்ணிவெடித் தடை ஒப்பந்த நாடுகளின் மாநாடு 2024 நவம்பரில் நடந்தது கம்போடியாவின் சியெம் ரீப்பில்தான்.

எல்லையைச் சாத்தினால் யாருக்கு நட்டம்?
– லாரி புக்கிங் அலுவலகம், வாளையார்

இருவருக்கும், ஆனால் வேறு வேறு விதத்தில். வாளையாரில் ஜிஎஸ்டி வரும்வரை லாரிகள் நின்ற வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்தின் அரண்யப்பிரதேத்துக்கும் கம்போடியாவின் பொய்ப்பெட்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக் கதவை 2025 ஜூனில் சாத்தியபோது வரிசையே இல்லாமல் போனது. தாய்லாந்துப் பெட்ரோல், எரிவாயு, காய்கறி, பழம் வேண்டாம் என்று கம்போடியா தடை போட்டது. அழுகும் சரக்குக்கு முதல் அடி. தாய்லாந்தில் கட்டடம், தோட்டம், மீன்பிடி வேலைகளில் இருந்த கம்போடியர்கள் பல லட்சம் பேர் மூட்டை கட்டித் திரும்பினார்கள். அங்கே முதலாளிக்கு ஆள் இல்லை, இங்கே தொழிலாளிக்கு வேலை இல்லை. கம்போடியாவுக்கு மாற்று வழி சிஹானூக்வில் துறைமுகமும் கிழக்கே வியட்நாம் எல்லையும். தூரம் கூடினால் விலையும் கூடும்.

தங்கை மகனுக்குக் கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம் என்று ஏஜென்ட் சொல்கிறார். சண்டை நின்றுவிட்டதே, அனுப்பலாமா?
– உத்தமபாளையம் வாசகி

சண்டையை விடுங்கள் அம்மா, வேலையே சந்தேகம். இப்படிப் போனவர்களைக் கட்டடத்துக்குள் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தது பற்றி இந்திய அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது. நான்கு விஷயம் பாருங்கள்.

விசா: 'டி' ரகம் சுற்றுலாவுக்கு. அதில் வேலை செய்யக் கூடாது. வேலைக்குப் போவோர் 'இ' ரகத்தில் நுழைய வேண்டும். 'முதலில் டூரிஸ்ட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏஜென்ட்: மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேட்டால் மீதி எதற்கு என்று கேளுங்கள்.

விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து உண்டு, கம்போடியா இல்லை. ஏஜென்ட்டுகளுக்கு அந்த ஓட்டை நன்றாகத் தெரியும்.

வழி: பாங்காக்கில் இறங்கி 'சாலை வழியாக' என்றால் கட்டாயம் வேண்டாம். சந்தேகம் தீர சென்னையிலோ கொச்சியிலோ உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் வேலைக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ஏற்கெனவே போய்ச் சிக்கியிருந்தால் பனோம்பென் இந்தியத் தூதரகம், இங்கே அயலகத் தமிழர் நலத்துறை. கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த மாநில அரசின் வெளிநாடுவாழ் கேரளர் நலத்துறையான நோர்க்கா.

எல்லையை முடிவாகக் குறிக்க ஒரு வழியும் இல்லையா?
– செங்கோட்டை வாசகர்

வழி காகிதத்தில் இருக்கிறது. 1956 நவம்பரில் உங்கள் தாலுகாவையே பிரித்து மலைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கத்தைக் கேரளத்திலும் செங்கோட்டையைச் சென்னை மாநிலத்திலும் விட்டார்களே, அந்த மாதிரி ஒருவர் மேலிருந்து உத்தரவு போட அங்கே ஆள் இல்லை. அதனால் 2000 ஜூனில் இரு நாடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. கூட்டு எல்லை ஆணையம், வேலைக்கு ஐந்து படி. முதலில் பழைய 73 கற்களைத் தேடிப் பிடித்து, சாய்ந்ததை நிமிர்த்தி, காணாமல் போனதை மீண்டும் நடுவது. இரண்டாவது, வான்படங்களைத் திருத்தி அளவு பிசகாத படம் தயாரிப்பது. மூன்றாவது, அதில் அளக்க வேண்டிய கோட்டைக் குறிப்பது. நான்காவது, அந்தக் கோட்டோடு நிலத்தில் நடந்து சரிபார்ப்பது. ஐந்தாவது, புதுக்கல் நடுவது.

முதல் படியிலேயே இழுபறி. பாதிக்கு மேற்பட்ட கற்களின் இடத்தில் உடன்பாடு வந்திருக்கிறது. மீதியில் 'கல் இங்கே இல்லை, அங்கே இருந்தது' என்ற வாதம். கல்லை யாரோ நகர்த்தினார்கள் என்ற புகாரும் உண்டு. படம் எது என்பதிலும் சிக்கல்: 2000 ஒப்பந்தம் 1904, 1907 ஒப்பந்தங்களோடு அந்தப் பழைய 1:2,00,000 படங்களையும் ஆதாரமாகச் சொல்கிறது. அதனாலேயே இந்த ஒப்பந்தத்தை ரத்து செய் என்று தாய்லாந்தில் ஒரு பெரிய கூட்டம் கத்துகிறது. ரத்து செய்தால் ஆணையமும் போய்விடும், படம் மட்டும் 1962 தீர்ப்பில் அப்படியே இருக்கும். அதைக் கத்துகிறவர்கள் சொல்வதில்லை.

செய்திகளில் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வருகிறது. எது சரி?
– போடி வாசகி

இரண்டும் சரி. கம்போடியர்கள் 'பிரே விஹியர்' என்பதைத் தாய்லாந்துக்காரர்கள் 'பிர விஹான்' என்கிறார்கள், இரண்டும் 'விஹார'த்தின் திரிபு. கம்போடியர் 'மொம் பெய்' என்பது மற்றவருக்குச் 'சோங் போக்' பக்கம். எந்தப் பெயர் அச்சாகிறதோ அதை வைத்து அந்தச் செய்தி எந்தத் தலைநகரிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். வேடிக்கையானது தா க்ரபே கோயில். தாய்லாந்தில் அதற்குத் தா க்வாய் என்று பெயர். தா என்றால் இருவருக்கும் தாத்தா. கெமர் மொழியில் க்ரபே எருமை, தாய் மொழியில் க்வாய் எருமை.